பேராசிரியர்கள் ஏன் பதில் போடுவதில்லை?

அன்புள்ள சார்,

எனக்குச் சொந்த ஊர் கடலூர். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் எம்.எஸ்சி. முடித்தேன். உப்பனாற்றுச் சேற்றில் படியும் கன உலோகங்கள் பற்றி ப்ராஜெக்ட் செய்தேன். ஐரோப்பாவில் பிஎச்.டி. செய்ய ஆசை. ஆறு மாதமாகப் பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்புகிறேன், ஒருவர்கூடப் பதில் போடவில்லை. நெட் தேர்வில் தேறாததுதான் காரணமா? புதுச்சேரியில் ஒரு கன்சல்டன்சி, ஒன்றரை லட்சம் கட்டினால் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறது. கட்டலாமா? நான் அனுப்பும் மெயிலையும் இணைத்திருக்கிறேன்.

சுகன்யா

அன்புள்ள சுகன்யா,

நெட்டை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. எம்.எஸ்சி. போதும்.

உங்கள் மெயில் காலேஜில் சீட் கேட்கிற மாதிரி இருக்கிறது. நெதர்லாந்து, சுவீடன், ஜெர்மனியில் பிஎச்.டி. பெரும்பாலும் சம்பள வேலை. முதல் இரண்டிலும் பொதுவாக 4 ஆண்டு. ஜெர்மனியில் பல இடங்களில் பாதிச் சம்பளமோ முக்கால் சம்பளமோதான் (வேலை மட்டும் முழுசாக இருக்கும்). ப்ராஜெக்ட்டுக்குப் பணம் வந்தால்தான் ஆள் எடுப்பார்கள், அதற்கு விளம்பரம் கொடுப்பார்கள். பணம் இல்லாத பேராசிரியருக்கு எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் பயனில்லை. ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான யூராக்ஸெஸ் தளத்தில் விளம்பரங்களைத் தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் மரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க் பிஎச்.டி. இடங்களையும் பாருங்கள். கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வேலை தரும் நாட்டிலேயே வசித்தவர்களுக்கு அதில் இடமில்லை. கடலூரை விட்டு நகராத உங்களுக்கு அது வசதிதான்.

உங்கள் மெயிலில் மதிப்பெண் சதவீதம் மூன்று முறை வருகிறது, உப்பனாறு கடைசி வரியில் வருகிறது. அதை முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள். சிப்காட் ஆலைகளை ஒட்டிய கழிமுகத்தில் எங்கெங்கே சேறு எடுத்தீர்கள், எந்தக் கருவியில் அளந்தீர்கள், மழைக்கு முன்னும் பின்னும் என்ன மாறியது, எந்த அளவீடு சொதப்பியது எல்லாவற்றையும் எழுதுங்கள். ஐரோப்பாவின் எல்பே, ஷெல்ட் ஆற்றுக் கழிமுகங்களில் இதே மாசைப் பற்றி வேலை செய்கிறவர்கள் அதைத்தான் படிப்பார்கள். ‘உலகப் புகழ்பெற்ற தங்கள் ஆய்வகம்’ என்பதை எடுத்துவிடுங்கள். அது அவர்களுக்கே தெரியும். நேர்காணலிலும், பெரும்பாலும் ஜூமில்தான், முதலில் உங்கள் ப்ராஜெக்ட்டைத்தான் விளக்கச் சொல்வார்கள்.

அப்புறம் பரிந்துரை. நம் ஊரில் ‘நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்பார்கள். அங்கே பல இடங்களில் உங்கள் கைடுக்கே நேரடியாக மெயில் போகும். அவருடைய பல்கலைக்கழக முகவரியைக் கொடுங்கள், ஜிமெயில் வேண்டாம். மெயில் வரும் என்று முன்பே சொல்லி, உங்கள் ஆய்வுச் சுருக்கத்தையும் கையில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது அவர் இன்பாக்ஸில் பொங்கல் வரை கிடக்கும்.

கன்சல்டன்சிக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவிடம் அவர்களுக்கு என்ன செல்வாக்கு இருக்கப்போகிறது? பணம் இருந்தால் எடுத்து வையுங்கள். வேலை கிடைத்தால் விமான டிக்கெட்டுக்கும் வீட்டு அட்வான்ஸுக்கும் வேண்டியிருக்கும். முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும்.