மண்டையோட்டு மோதிரம்

கேள்வி: சின்ன வயதில் உயிராகப் படித்த ராணி காமிக்ஸ் மாயாவி கதைகள் இப்போது உறுத்துகின்றனவே, எனக்கு மட்டும்தானா?
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: எனக்கும்தான் அம்மா. கடலூர் முதுநகரில் பள்ளிக்குப் போகும்போது விரலில் பேனாவால் மாயாவியின் மண்டையோட்டு மோதிரம் வரைந்துகொண்டவன் நான். போன மழைக்குப் பரணிலிருந்து காமிக்ஸ் கட்டை இறக்கினேன். ஸ்டேப்ளர் பின் துருவேறி, நடுப்பக்கம் கையோடு வந்துவிட்டது.

1936-இல் அமெரிக்கரான லீ ஃபாக் ‘ஃபேன்டம்’ என்ற பெயரில் தொடங்கிய தொடர் இது. காட்டுக்கு நீதி சொல்ல, அப்பாவுக்குப் பின் மகன் என்று தலைமுறை தலைமுறையாக முகமூடி போட்ட ஒரு வெள்ளைக்காரர். அவருக்குச் சாவே இல்லை என்று நம்பும் பழங்குடிகள். 21-ஆவது மாயாவி வரை வந்தாச்சு. கூடவே வளர்ந்த பழங்குடி நண்பன் குரனுக்கு, மாயாவி உட்காரும் அந்த மண்டையோட்டு அரியணை ஒருநாளும் இல்லை. அப்போது இது கண்ணிலேயே படவில்லை, இப்போது வலிக்கிறது.

சரி, தூக்கிப் போட மனம் வருமா? வரவில்லை. மாயாவியின் ஓநாய் டெவில் பாய்கிற பக்கத்தில் இன்னமும் கை நின்றுவிடுகிறது.