பூசணிக்கு 15 நிமிடம் - கடிதம்

அன்புள்ள சார்,

மார்ச்சில் அம்மாவுடன் ஜப்பான் போகிறேன். நவோஷிமா தீவுக்கு ஒரு திங்கட்கிழமையை ஒதுக்கியிருக்கிறேன். கடற்கரையில் இருக்கும் மஞ்சள் பூசணிச் சிற்பத்துக்கு 15 நிமிடம், சிச்சூ கலை அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம். படகு வசதி எப்படி? செலவு அதிகமா? வேறென்ன பார்க்கலாம்? அம்மாவுக்கு மூட்டுவலி.
ர.

அன்புள்ள ர.,

திங்கட்கிழமை சிச்சூவுக்கு விடுமுறை. முதல் முறை நானும் திங்களன்றுதான் போய் நின்றேன். பூட்டிய கதவின் முன் என் மனைவி பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. மற்ற நாட்களிலும் நேரம் குறித்து முன்பதிவு செய்யவேண்டும். ஒகயாமா நகரிலிருந்து ரயிலில் ஊனோ துறைமுகம், அங்கிருந்து படகில் 20 நிமிடம். அம்மாவை சைக்கிளில் ஏற்றிவிடாதீர்கள், டவுன் பஸ் இருக்கிறது. செலவா? விமானச் சீட்டு எடுத்த பிறகு கேட்கிற கேள்வியா இது?

ஆனால் அந்த 15 நிமிடக் கணக்கு என்னை எரிச்சல்படுத்தியது. ஜப்பானியக் கலைஞர் யயோய் குசாமா 1994-இல் வைத்த பூசணியை 2021 ஆகஸ்டில் புயலலை அடித்துக்கொண்டு போய் உடைத்தது. இப்போது இருப்பது 2022-இல் வைத்த புதியது. சரி, படம் எடுத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்?

'வேறென்ன' என்று கேட்டீர்களே, ஊனோ படகில் இடது பக்கம் உட்காருங்கள். தீவின் வட முனையில் 1917-இல் தொடங்கிய மிட்சுபிஷி தாமிர உருக்காலை தெரியும். அதன் புகையில் மலைகள் மொட்டையான ஊர் இது. பக்கத்தில் தெஷிமா தீவு. அங்கே 1978-இல் ஒருவருக்கு மண்புழு வளர்க்க என்று அரசு அனுமதி கொடுத்தது. மண்புழு! வந்து இறங்கியதோ உடைத்து நொறுக்கிய கார்களின் கழிவும் எண்ணெய்க் கசடும். திறந்தவெளியில் எரித்தார்கள். 1990-இல் போலீஸ் நுழையும்வரை நடந்தது. ஊர்க்காரர்கள் விடாமல் போராடி 2000-இல்தான் உடன்பாடு கண்டார்கள், மாகாண ஆளுநர் மன்னிப்புக் கேட்டார். தோண்டியெடுத்த குப்பை ஒன்பது லட்சம் டன்னுக்கு மேல். அதைக் கப்பலில் கொண்டுவந்து உருக்கிய இடம் எது? உங்கள் பூசணித் தீவின் அதே வட முனை. 2003-இல் தொடங்கி 2017 வரை. அடுத்த வீட்டுக் குப்பையைத் தன் வாசலில் வாங்கிக்கொண்ட ஊருக்கு நீங்கள் கொடுப்பது 15 நிமிடம்!

இரண்டாம் முறை தெஷிமாவில் தங்கினோம். விடுதிக்காரப் பெரியவருக்கும் எங்களுக்கும் பொதுமொழி இல்லை. குப்பை பற்றி சைகையில் கேட்டேன். மூக்கைப் பொத்திக் காட்டினார், இருமிக் காட்டினார். அப்புறம் ஓர் ஆரஞ்சை உரித்து என் மனைவி கையில் வைத்தார்.

ஒரு நாளை இரண்டு நாளாக்குங்கள். மார்ச்சில் தெஷிமா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, அதனால் புதன்கிழமை கிளம்புங்கள். தீவுகளுக்கிடையே படகு குறைவு, கடைசிப் படகின் நேரத்தை அம்மாவிடமும் சொல்லிவையுங்கள். உங்களைவிட அவருக்குத்தான் அது நினைவிருக்கும்.