டைட்டில மாத்தினா ஜோக் மாறிடுமா?

கேள்வி: எனக்கு 29 வயசு, ஊரு குடியாத்தம். மூணு வருஷமா காமெடி ஸ்கிரிப்ட் எழுதி டிவி, யூடியூப் சேனல்னு சென்னைக்கு அனுப்புறேன், நேர்லயும் போய்ப் பாத்தேன், 14ம் ரிஜெக்ட். எங்க நைனா 30 வருஷம் விசைத்தறி ஓட்டினவரு, இப்ப காது சரியா கேக்காது, அவரை வெச்சுதான் என் காமெடியே. தங்கச்சி டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சுட்டு வீட்ல சும்மாதான் இருக்கா, அவதான் டைப் பண்ணிக் குடுப்பா, 11 ஸ்கிரிப்ட்டுக்கு அப்புறம் என்னமோ கோவம், மாட்டேன்னுட்டா. பழைய ஸ்கிரிப்டையே டைட்டில மாத்தி திரும்ப அனுப்பலாமா?

பதில்: தம்பி, இந்த மாதிரி லெட்டர் எனக்கு நிறைய வருது, மனசு தளராதீங்க, ஒரு நாள் ஜெயிப்பீங்கன்னு எழுதுவேன்னு நெனச்சிருப்பீங்க, எழுதப் போறதில்ல. டைட்டில மாத்தி அனுப்புறது வேஸ்ட், ரெண்டாவது பக்கத்துலயே கண்டுபிடிச்சிடுவாங்க.

எனக்கு உங்க தங்கச்சி பத்திதான் பேசணும். "என்னமோ கோவம்"னு ஒரு வரில தாண்டிப் போயிட்டீங்களே, என்ன கோவம்னு கேட்டீங்களா? நீங்க கூட அனுப்பின ஸ்கிரிப்ட படிச்சேன். பால் வாங்கிட்டு வாங்கன்னா அப்பா தாள் வாங்கிட்டு வராரு, பொண்ணு தலையில அடிச்சுக்கிறா, அடுத்த சீன்லயும் அதே, எட்டாவது பக்கத்துலயும் அதே. இத பதினோரு தடவ அந்தப் பொண்ணு உக்காந்து டைப் அடிச்சிருக்கு, அதுவும் பக்கத்து ரூம்ல அதே மனுசன் படுத்திருக்கும்போது. சென்னைக்காரங்களுக்கு முன்னாடி உங்கள ரிஜெக்ட் பண்ணது அவதான், அத மட்டும் நீங்க கணக்குல சேக்கல.

85 டெசிபலுக்கு மேல தினமும் எட்டு மணி நேரம் சத்தத்துல இருந்தா வருஷக்கணக்குல காது போயிடும்னு டாக்டருங்க சொல்றாங்க, விசைத்தறி ஷெட்ல பக்கத்துல நிக்கிறவன் கத்தினாலே கேக்காது, அங்க 30 வருஷம். அப்படிப் போற காதுல கீச்சு சத்தம்தான் முதல்ல போகும், ச, த, ப எல்லாம் மங்கிடும், ஆ, ஊன்னு உயிரெழுத்து மட்டும் கேக்கும், அதனாலதான் பால் தாளா கேக்குது. ஆம்பள குரலாச்சும் கொஞ்சம் புரியும், பொம்பள குரல் இன்னும் கஷ்டம். அதாவது வீட்ல நாள் பூரா அவர்கிட்ட பேசுற உங்க தங்கச்சி குரல்தான் அவருக்கு முதல்ல போயிருக்கும். நீங்க அத பஞ்ச்லைன்னு எழுதுறீங்க. (இதுல "சும்மாதான் இருக்கா"ன்னு வேற, மூணு வருஷமா உங்களுக்கு சம்பளமில்லாத டைப்பிஸ்ட்டா இருந்தது யாராம்?)

சென்னைக்கு எத்தன தடவ ரயில் ஏறினீங்க? வேலூருக்கு நைனாவ காது டாக்டர்கிட்ட எத்தன தடவ கூட்டிட்டுப் போனீங்க? கல்கத்தாவுல இருந்து ஒரு நாளைக்கு மேல ரயில்ல உக்காந்து வந்து வேலூருக்குப் பக்கத்துல காட்பாடில இறங்குறாங்கப்பா வைத்தியத்துக்கு, உங்களுக்கு பஸ்ல ஒரு மணி நேரம். நல்லா கோவப்பட்டுக்கோங்க, பெத்தவர வெச்சு சிரிக்க வெக்கிறவன் முதல்ல அவருக்கு செய்ய வேண்டியத செஞ்சிருக்கணும், இதுல நான் இறங்கி வர மாட்டேன்.

நம்ம வடாற்காடு பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்து ராத்திரி முழுக்க பாத்து வளந்தவதான் நானும். கூத்துல கோமாளியா வர்ற கட்டியக்காரன் யாரக் கிண்டல் பண்ணுவான்? திரைக்குப் பின்னாடி துரியோதனன் பாடிட்டிருப்பான், இவன் முன்னாடி நின்னு யாருய்யா நீன்னு ராஜாவையே கலாய்ப்பான், அவனே சேவகன். நேத்து ஒரு ஊர்ல எடுபடாத பேச்ச இன்னிக்கு இந்த ஊரு ஆளு, இந்த ஊரு சங்கதிய போட்டு மாத்திப் பேசுவான், சிரிப்பு வரும். மறு சான்ஸுன்னா அதுதான், உள்ள மாத்தணும்.

உங்க ஸ்கிரிப்ட்ல நான் சிரிச்சது சீட்டுக்காரம்மா வர்ற ஒண்ணரை பக்கம். அந்தம்மா யார்கிட்டயும் தோக்கல, அதான். 14லயும் அந்த மாதிரி இடத்த மட்டும் கத்தரிச்சு எடுத்து வெச்சுக்கோங்க, மீதிய பரண்ல போடுங்க.

அப்புறம் நைனாகிட்ட போய், தறி சத்தத்துல எப்படிப் பேசிப்பீங்கன்னு கேளுங்க. கையாலயும் வாயசைப்பாலயும்தான் பேசிப்பாங்க. அந்த ஷெட்டுக்குள்ள ஓனர் வந்து கூலியக் குறைக்கிறேன்னு கத்துறாரு, யாருக்கும் கேக்கல, அவர் எதுக்கயே நாலு பேர் கையாலயே அவரைக் கிழிக்கிறாங்க, அவருக்கு ஒண்ணும் புரியல. இப்ப செவிடு யாரு? இத நைனா சொல்லச் சொல்ல எழுதுங்க, சைகைய அவரே செஞ்சு காட்டட்டும்.

ஆனா ஆர்டர் இதுதான், முதல்ல வேலூர், அப்புறம் தங்கச்சிகிட்ட மன்னிப்பு, மூணாவதாதான் பேனா. அவ திரும்ப டைப் பண்ணாளா இல்லையான்னு எனக்கு எழுதுங்க, சேனல்காரன் என்ன சொன்னான்னு வேணாம்.