வாசகர் கேள்வி–பதில்: வீட்டில் பாட்டு, விளையாட்டாக

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. நான் பாடும்போது கூடவே பாடுகிறாள். ஆனால் சுருதி சேரவே மாட்டேன் என்கிறது. காதில் ஏதும் குறை இருக்குமோ? (ஒரு தந்தை)

பதில்: முதலில் உங்கள் குரலைக் கவனியுங்கள். ஆண்குரல் பெரும்பாலும் குழந்தையின் குரலைவிட ஒரு ஸ்தாயி (‘ஸ’ முதல் மேல் ‘ஸ’ வரையுள்ள இடைவெளி) கீழே ஒலிக்கும். அதைத் தன் ஸ்தாயிக்கு மாற்றிப் பாட இந்த வயதில் பலருக்குத் தெரியாது. அந்தக் கீழ்க்குரலையே எட்டப் பார்த்து, எட்டாமல், பேசுவதுபோல் முனகுவார்கள். சின்னஞ்சிறு குரல் சிரமமின்றி நிற்கிற இடம் குறுகியது: கீபோர்டின் நடு ‘சி’க்கு அடுத்த ‘டி’ முதல் மேலே உள்ள ‘ஏ’ வரை, ஏறக்குறைய 294 முதல் 440 ஹெர்ட்ஸ். மொத்தம் ஐந்து வெள்ளைக் கட்டைகள்தான்!

குரலைத் தளர்த்தி, மென்மையாக மேலே எடுத்துப் பாடுங்கள். அது வராவிட்டால் இன்னும் எளிய வழி உண்டு. விளையாடும்போது அவளே ஏதாவது முணுமுணுப்பாள் அல்லவா? அந்தச் சுரத்தைப் பிடித்து நீங்கள் தொடருங்கள். இரண்டு குரல் ஒன்றாய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் அவள் காதுக்குப் புரியும். பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் இரண்டே சுரத்தில், ‘ஜி’யிலிருந்து ‘ஈ’க்கு இறக்கிப் பாடலாம், அதே மெட்டில் பதில் வரும். ஒரே பாட்டை இரண்டு வாரம் பாடுங்கள். வரியின் கடைசிச் சொல்லை மட்டும் அவளுக்கு விட்டுவிடுங்கள். “தப்பு” என்று நிறுத்தாதீர்கள், பாடுவதையே விட்டுவிடுவாள்.

காதுப் பரிசோதனை வேண்டுமா என்பதைப் பாட்டை வைத்து முடிவு செய்ய முடியாது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சு தாமதமாகிறது என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இரண்டு வயதுப் பையன், கைதட்டினால் தாளத்தில் நிற்பதில்லை.

பதில்: நிற்காது, நான்கு வயதுக்குப் பிறகுதான் அது மெல்லக் கைவரும். பெரியவர்கள் தட்டும் வேகம் அவனுக்கு மிக மெதுவு. அவன் நடக்கட்டும், ஓடட்டும். அந்தக் காலடிக்கு நீங்கள் பெட்டியில் தட்டுங்கள். அவன் நின்றால் நீங்களும் சட்டென்று நிறுத்துங்கள். இந்த விளையாட்டை அவன் விடவே மாட்டான்.

கேள்வி: வீட்டிலேயே என்ன கருவி செய்து தரலாம்?

பதில்: ஒரே அளவில் ஆறு சிறிய பிளாஸ்டிக் புட்டிகள். இரண்டில் மணல், இரண்டில் அரிசி, இரண்டில் பெரிய பட்டன்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பினால் உள்ளே உருள இடமின்றிச் சத்தம் அமுங்கிவிடும். மூடியின் மரைக்குள் பசை தடவி இறுக்கி, மேலே டேப் சுற்றுங்கள்; மூடி திறந்துகொண்டால் உள்ளிருப்பது தொண்டையில் அடைக்கும். புட்டிகளைக் காகிதத்தால் மூடிவிட்டு, குலுக்கிப் பார்த்தே ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். வெறுமனே ஆட்டுவதைவிட, கேட்டுப் பிரித்தறிவதுதான் இசைக்கு அடிப்படை.

நான்கு வயதானால் கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, பென்சிலால் தட்டலாம். தண்ணீர் கூடக் கூடச் சுரம் இறங்கும். அதுவே புட்டியின் வாயில் ஊதினால், தண்ணீர் கூடும்போது சுரம் ஏறும். அங்கே ஒலிப்பது மேலே எஞ்சிய காற்று.

கேள்வி: மோஸார்ட் இசையை நாள் முழுக்க ஓடவிட்டால் அறிவு வளருமாமே?

பதில்: அந்தப் பேச்சுக்கு மூலம் 1993-இல் வந்த ஓர் ஆய்வு. சோதிக்கப்பட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். பலன் நீடித்தது 10–15 நிமிடம். குழந்தைகளைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. நாள் முழுக்க ஓடும் இசையைக் குழந்தை கவனிக்காமல் இருக்கவே பழகும். பத்து நிமிடம் சேர்ந்து கேளுங்கள், பிறகு அணைத்துவிடுங்கள்.