“மேப் போடுறதுக்கு யாரு சார் சம்பளம் தருவாங்க?”

அம்மா, வணக்கம்.

போன வாரம் புவியியல் படிக்கும் உங்கள் மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாக இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். வரிசையில் ஆள் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

2024 அக்டோபர் மழையில் மதுரையில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பிச் செல்லூருக்குள் தண்ணீர் வந்தது. கட்டில் மேல் சாமான் அடுக்கியதை நீங்களே சொன்னீர்கள். உங்கள் மகள் இப்போது சந்து சந்தாகப் போய், அன்றைக்கு யார் வீட்டில் முழங்கால் அளவு, யார் வீட்டில் இடுப்பளவு என்று கேட்டு, செல்போனில் இடத்தைக் குறித்து, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ஏற்றுகிறாள். அதன் மேலேயே குடிநீர்க் குழாய் எங்கே இருக்கிறது, குப்பை வண்டி எந்த முனையோடு திரும்பிவிடுகிறது என்றும் அடுக்குகிறாள். எல்லாக் குறையும் ஒரே தெருவில் வந்து விழுந்தால் படம் காட்டிக்கொடுத்துவிடும். 1854இல் லண்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காலராவில் இறந்தவர்களின் வீடுகளை இப்படித்தான் குறித்தார். ஒரே ஒரு தெருக்குழாயைச் சுற்றிச் சாவு குவிந்திருந்தது.

“அதான் சாட்டிலைட்டு இருக்கே?” என்றீர்கள். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர். செல்லூரில் அதற்குள் இரண்டு மூன்று வீடு அடங்கிவிடும். எந்த வாசற்படி தாழ்வு, எந்த வீட்டுக்குக் குழாய் இல்லை என்பதெல்லாம் மேலேயிருந்து தெரியாது. நடந்தால்தான் தெரியும்.

சரி, சம்பளம். மறைக்க விரும்பவில்லை. இந்தத் துறையில் முதல் வேலை பெரும்பாலும் நாள் முழுக்கத் திரையைப் பார்த்து ரோட்டுக்கும் கட்டடத்துக்கும் கோடு இழுப்பதுதான். சம்பளம் சுமார். அதிலேயே நின்றுவிடாமல் இருக்க எம்.எஸ்சி. வேண்டும், பைத்தான் என்ற கணினி நிரல்மொழி கொஞ்சமாவது தெரிய வேண்டும். புவியியலில் முதுகலை முடித்தவர்களை டெல்லியில் உள்ள ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சரின் நகரத் திட்டமிடல் மேற்படிப்பில் சேர்க்கிறார்கள். அவள் மனசு போகிற திசைக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கணிப்பு. உங்கள் நிம்மதிக்கு பி.எட்.டும் முடிக்கட்டும், முதுகலை ஆசிரியர் தேர்வில் புவியியல் பாடம் உண்டு.

“வேலை உத்தரவாதம்” என்று போர்டு வைத்திருக்கும் ஜிஐஎஸ், அதாவது கணினியில் வரைபடம் போடும் பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பையன் வீட்டில் வளையலை அடகு வைத்துக் கட்டினார்கள். கிடைத்தது சான்றிதழ் மட்டும். டேராடூனில் இஸ்ரோவின் ஐஐஆர்எஸ் என்ற பயிற்சி நிறுவனம் இதற்கே கட்டணமில்லாமல் இணையவழிப் பாடம் நடத்துகிறது. முதலில் அதை முடிக்கட்டும்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். வாய்க்கால் கரையில் பட்டா இல்லாத வீடுகளை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து வெளியிட வேண்டாம். உதவி கேட்கப் போட்ட படத்தையே கையில் வைத்துக்கொண்டு ‘ஆக்கிரமிப்பு’ என்று காலி செய்யவும் வருவார்கள். வெளியே காட்டுவது தெரு அளவில் இருக்கட்டும், வீட்டு விவரம் அவளிடமே இருக்கட்டும். இந்த யோசனையோடு ஒருத்தி நேர்முகத் தேர்வுக்கு வந்தால், வேலை தெரிந்த பெண் என்று அவர்களுக்கே புரிந்துவிடும்.

அப்புறம், வெயிலில் தெருத்தெருவாக அலைகிறாள், பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள் என்றீர்கள். காலையிலேயே போகட்டும், துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளட்டும். முடிந்தால் நீங்களும் ஒருநாள் கூடப் போங்கள். அந்தச் சந்துகளில் உங்களைத் தெரியாதவர்கள் யார் இருக்கிறார்கள்?