மூடி வைக்கும் முன் காயட்டும்
வாசகர் கேள்வி – பதில்: விளையாட்டுப் பைகள்

நெல்லைச் சீமையிலிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கிரிக்கெட் கிட் பை பற்றியவை. ஒன்றே ஒன்று கோல்ஃப் பை பற்றியது. அதில் வேலை அதிகம் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறோம். அங்கே சொல்லும் துப்புரவு முறைகளில் பாதி கிரிக்கெட் பைக்கும் பொருந்தும்.

அப்பா ராணுவத்தில் வெலிங்டனில் இருந்தபோது கோல்ஃப் ஆடுவார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் அந்தப் பை பரணிலேயே கிடந்தது. இப்போது இறக்கிப் பார்த்தால் உள்ளே கறுப்பாகப் பூஞ்சை. பக்கத்துப் பாக்கெட்டுகளில் கையை விட்டால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. பையை நிறுத்த உதவும் இரண்டு கால்களும் விரியவில்லை. தேறுமா?
– அம்பாசமுத்திரம் வாசகி

தேறும். பூஞ்சையும் காலும் சரியாகிவிடும். பிசுபிசுப்புக்கு மட்டும் பழைய நிலை திரும்பாது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம்.

முதல் வேலை, பையை வீட்டுக்குள் தட்டாதீர்கள். காய்ந்த பூஞ்சையைத் தட்டினால் அதன் வித்துகள் பறந்து துணி அலமாரி வரை போய் உட்காரும். வாசலுக்கோ மாடிக்கோ கொண்டுபோய், மூக்கில் மாஸ்க் கட்டிக்கொண்டு, மட்டைகள் அனைத்தையும் வெளியே எடுங்கள். பாக்கெட் ஒன்றையும் விடாமல் திறந்து கவிழ்த்துங்கள். பழைய பந்து, பந்தை ஏற்றி வைக்கும் மர டீ, ஈரம் ஏறிய கையுறை, எப்போதோ வைத்த பிஸ்கட் உறை எல்லாம் வரும். தோளில் மாட்டும் பட்டையையும் மழை மூடியையும் கழற்றித் தனியே வையுங்கள். பிறகு பையைத் தலைகீழாகப் பிடித்து அடியில் தட்டினால், மட்டைகளைப் பிரித்து வைக்கும் தடுப்புகளுக்குள் தங்கிய மணல் கொட்டும். இந்த மணல்தான் தடுப்புத் துணியை அறுக்கிறது. மட்டையை உருவும்போது பாதியில் சிக்கினால், தடுப்பின் அடித்தையல் விட்டுப்போய்க் கைப்பிடி பக்கத்து அறைக்குள் நுழைந்திருக்கிறது என்று அர்த்தம். டார்ச் அடித்துப் பாருங்கள். அது தோல்பை தைப்பவர் செய்ய வேண்டிய வேலை. கழுவும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

பூஞ்சைக்கு வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, கறுப்பு இருக்கும் இடமெல்லாம் நனையும்படி அடியுங்கள். அரை மணி நேரம் ஊறியபின் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து ஈரத்துணியால் துடையுங்கள். அதன் பிறகும் லேசான கறை தெரிந்தால் கவலை வேண்டாம். பூஞ்சை போன பின்னும் சாயம் துணியில் தங்கும். கறையைப் பார்த்துவிட்டுப் பிளீச்சிங் பவுடர் எடுக்காதீர்கள். அது தையல் நூலை இற்றுப்போகச் செய்யும், நிறத்தையும் வெளுக்கும். அதைவிட முக்கியம், வினிகர் பட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது நுரையீரலைப் புண்ணாக்கும் விஷம்.

வெளிப்பக்கத்துக்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் விளக்கும் லிக்விட் போதும். துணியை நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டுமே தவிர, பையின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. உள்ளே விறைப்புக்கு வைத்த அட்டையோ ஸ்பாஞ்சோ நீரைக் குடித்தால் வாரக்கணக்கில் காயாது. தோள்பட்டை மட்டும் விதிவிலக்கு. வியர்வை எல்லாம் அதில்தான். அரை வாளித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி துணி துவைக்கும் லிக்விட் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, முறுக்காமல் அமுக்கி அமுக்கிப் பிழிந்து, நுரை போகும்வரை அலசுங்கள்.

இனி பிசுபிசுப்பு. பாக்கெட் துணியின் உள்பக்கம் தண்ணீர் புகாமலிருக்க பாலியூரித்தேன் என்ற மெல்லிய பூச்சு இருக்கும். பரணின் வெக்கையும் காற்றின் ஈரமும் சேர்ந்து வருடக்கணக்கில் அந்தப் பூச்சைச் சிதைக்கின்றன. அழுக்கில்லை என்பதால் சோப்புக்கு அது போகாது. பூச்சையே உரித்தெடுப்பதுதான் வழி. மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசி, பத்து நிமிடம் கழித்துக் கெட்டியான பிரஷ்ஷால் தேயுங்கள். மெழுகு போலத் திரண்டு வரும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். முதலில் ஒரு மூலையில் சோதித்து, சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சு போன பாக்கெட் மழைக்குத் தாங்காது. பர்ஸும் போனும் வைக்க வேறு பாக்கெட்டை வைத்துக்கொள்ளலாம்.

கால் விரியாததற்குக் காரணம் பெரும்பாலும் பையின் அடியில் இருக்கும். பையைச் சாய்க்கும்போது அடித்தட்டு மடங்கி, ஒரு கம்பியை மேலே தள்ளும். அந்தக் கம்பி கால்களை வெளியே தள்ளும். அடித்தட்டு மடங்கும் இடத்தில் மண் இறுகினால் கம்பி நகராது. அந்த மடிப்பை மட்டும் தண்ணீர் விட்டு டூத் பிரஷ்ஷால் கழுவிக் காய வைத்து, காலின் மேல் கீலில் சிலிக்கான் ஸ்பிரே ஒரு முறை அடியுங்கள். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் கூடாது. புழுதியை இழுத்துப் பசையாக்கும். கழுவியும் நகரவில்லை என்றால் கம்பி வளைந்திருக்கும், அல்லது அதன் பிளாஸ்டிக் முனை கழன்றிருக்கும். வலுவாக இழுத்தால் கால் ஒடிந்துவிடும்.

மட்டைகளையும் அப்படியே திரும்பச் செருகாதீர்கள். ரப்பர் கைப்பிடிகளை அதே லிக்விட் தண்ணீரில் துடையுங்கள். தண்டுகளில் துரு இருந்தால் மிக மெல்லிய ஸ்டீல் கம்பளியால் லேசாகத் தேய்த்து எடுங்கள். கிராஃபைட் தண்டாக இருந்தால் ஈரத்துணி மட்டும், தேய்க்கவே கூடாது. தலை உறைகள் முழுக்கக் காய்ந்தபின் மாட்டுங்கள். அப்பா காலத்து மட்டைகளில் மரத்தலை ஏதும் இருந்தால் ஈர உறை அதை ஊதவைத்துவிடும். ஒரு சுற்றுக்கு 14 மட்டைகளுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்பது ஆட்ட விதி. பையும் அந்தக் கணக்குக்குத்தான் செய்யப்படுகிறது. வீட்டிலும் அதற்கு மேல் திணித்தால் தடுப்புகள் கிழியும்.

காய வைக்க வீட்டில் கயிற்றுக் கட்டில் இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. பையின் வாய் கொஞ்சம் தாழும்படி படுக்க வைத்து, எல்லா ஜிப்பையும் திறந்து விடுங்கள். கீழிருந்தும் காற்று ஏறும். காலை வெயில் ஒரு மணி நேரம் போதும், பிறகு நிழல். நாள் முழுக்க வெயிலில் கிடந்தால் நூலும் நிறமும் போய்விடும். உங்கள் பக்கம் மலையடிவாரம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காமல் மாசி, பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் பரணுக்கு அனுப்ப வேண்டாம். சுவரை ஒட்டாமல், பலகை மேல், ஜிப்புகளைப் பாதி திறந்து நிறுத்துங்கள்.

மகன் வ.உ.சி. மைதானத்துக்குப் பயிற்சிக்குப் போகிறான். கிட் பையைத் திறந்தால் கிட்டே நிற்க முடியவில்லை. பேட், கால் பேடு, கிளவுஸ் எல்லாம் வெளியே எடுத்துக் காயவைத்தும் காலிப் பை நாறுகிறது. சென்ட் அடித்தால் இன்னும் மோசம்.
– பாளையங்கோட்டை வாசகி

நாற்றம் அட்டையில் இருக்கிறது. பையின் அடியில் துணி மூடிய ஒரு பலகை இருக்கும், பெரும்பாலும் வெல்க்ரோவால் ஒட்டியிருக்கும். அதைத் தூக்கிப் பாருங்கள். நனைந்த கால் பேடிலிருந்து வடிந்த வியர்வை அதன் அடியில்தான் போய்த் தங்குகிறது, அங்கே காற்றே கிடையாது. பாக்டீரியா பெருக அதைவிட வசதியான இடம் இல்லை. சென்ட் அந்த ஈரத்தோடு இன்னொரு ஈரத்தைச் சேர்ப்பதால்தான் மோசமாகிறது.

பலகை பிளாஸ்டிக் என்றால் சோப்புப் போட்டுக் கழுவலாம். அழுத்திய மரத்தூள் அட்டையாக இருந்து ஓரம் உப்பியிருந்தால் எறிந்துவிட்டு, அதே அளவுக்குப் பிளாஸ்டிக் ஷீட் வெட்டிப் போடுங்கள். முனைகளை வளைவாக வெட்ட வேண்டும். கூராக விட்டால் பையின் மூலையைக் கிழிக்கும். பையின் உள்பக்கத்தை வினிகர் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் 100 கிராம் ஆப்ப சோடாவைத் தூவி இரவு முழுக்க வைத்து, காலையில் கவிழ்த்துத் தட்டுங்கள். ஈரத்தில் தூவினால் கட்டிப்பட்டுத் தையலில் ஏறிக்கொள்ளும்.

இதெல்லாம் ஒரு நாள் வேலை. அன்றாடம் செய்ய வேண்டியது, வீட்டுக்கு வந்த கால் மணி நேரத்துக்குள் பையைக் காலி செய்வது. கிளவுஸை விரல் மேலே வரும்படி கொடியில் கிளிப் போட்டு நிழலில் மாட்டட்டும். வெயிலில் காயவைத்தால் உள்ளங்கைத் தோல் விறைத்து வெடிக்கும். ஆனி, ஆடிக் காற்றுக்குப் பாளையங்கோட்டையில் பேடுகள் ஒரே பகலில் காய்ந்துவிடும். அந்தக் காற்று இல்லாத மாதங்களில் மின்விசிறிக்குக் கீழே வையுங்கள்.

ஜிப் ரன்னரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நகர மாட்டேன் என்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டும் சரியாகவில்லை. பகலில் காய்ந்திருக்கும் பை காலையில் பார்த்தால் நமுத்திருக்கிறது.
– உவரி வாசகர்

இரண்டும் ஒரே காரணம், உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலோரத்தில் இரவில் அந்த அளவு சர்வசாதாரணம். துணியில் வியர்வை உப்பும் கடல் உப்பும் படிந்திருக்கும்வரை எத்தனை முறை காயவைத்தாலும் விடியும்போது நமுக்கும். எனவே வாரம் ஒரு முறை வெறும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால், தண்ணீரை இரண்டு முறை மாற்றி, பை முழுக்கத் துடையுங்கள். உப்பைக் கரைக்க சோப்பு தேவையில்லை.

ரன்னர்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. வெள்ளைப் பூப்பு அந்தத் துத்தநாகம் அரிப்பது. பஞ்சில் வினிகர் தொட்டு ஐந்து நிமிடம் வைத்து, டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். ஏற்கெனவே விட்ட எண்ணெயை அதற்கு முன்பே லிக்விட் தண்ணீரால் எடுத்துவிட வேண்டும். நைலான் பல்லுக்கு மெழுகுவர்த்தியையும், உலோகப் பல்லுக்குப் பென்சில் முனையையும் இரண்டு பக்கமும் உரசினால் ஓடும்.

மூடிய பிறகு பின்னாலேயே பல் திறந்துகொண்டு வந்தால், ரன்னரின் பின்வாய் அகன்றுவிட்டது. கட்டிங் பிளையரால் ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மெதுவாக அமுக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ரன்னரை மட்டும் மாற்றலாம், முழு ஜிப்பும் வேண்டியதில்லை. ரன்னரின் பின்புறம் 5, 8, 10 என்று எண் இருக்கும். கடையில் அந்த எண்ணையே கேளுங்கள்.

போர் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பையைத் துடைத்தால் காய்ந்ததும் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடுகிறது. தேரி மண்ணின் சிவப்பும் போகவில்லை.
– திசையன்விளை வாசகர்

உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த தண்ணீரில் சோப்புக் கட்டி போட்டால் நுரைக்குப் பதிலாகத் திரை கட்டும்; அதுதான் அந்தச் சாம்பல். கட்டி சோப்பை விட்டு லிக்விட் பயன்படுத்துங்கள். கடைசித் துடைப்புக்கு மட்டும் பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ குடிதண்ணீரோ ஒரு லிட்டர் ஒதுக்கினால் போதும். ஏற்கெனவே படிந்ததை வினிகர் தண்ணீர் கரைத்துவிடும்.

தேரி மண்ணை நனைக்கவே கூடாது. அதன் சிவப்பு இரும்பு ஆக்சைடு. ஈரத்தோடு தேய்த்தால் நூலுக்குள் ஏறிவிடும். முழுக்கக் காயவிட்டு, முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தையலின் திசையிலேயே தட்டி எடுங்கள். அதன்பின் தங்கியதற்குத்தான் தண்ணீர்.

வீல் வைத்த கிட் பை. இரண்டு வருடம்தான் ஆகிறது, சக்கரத்தின் மேல் ரப்பர் மட்டும் ரஸ்க் மாதிரி உதிர்கிறது.
– வள்ளியூர் வாசகர்

அந்த மேல் வளையமும் பெரும்பாலும் பாலியூரித்தேன்தான். உதிரத் தொடங்கியதை ஒட்ட முடியாது. சக்கரத்தின் விட்டம், அகலம், அச்சுத் துளை மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொண்டு சூட்கேஸ் பழுதுபார்க்கும் கடையில் கேளுங்கள். ஒன்று கெட்டாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்; இல்லாவிட்டால் பை ஒரு பக்கம் இழுக்கும். மாற்றும்போது அச்சில் சுற்றியிருக்கும் முடியையும் நூலையும் பிளேடால் அறுத்து எடுத்துவிடுங்கள்.

பையை வாஷிங் மெஷினில் போடலாமா?
– மேலப்பாளையம் வாசகர்

வேண்டாம். உள்பூச்சு உரியும், பக்கிள் உடையும், மெஷினின் டிரம்மும் கீறும்.

பேட்டுக்கு லின்சீட் ஆயில் தடவி அப்படியே பையில் வைக்கிறோம். சாரல் சீசனில் பேட்டின் அடி உப்பிவிட்டது. எண்ணெய் போதவில்லையா?
– தென்காசி வாசகர்

எண்ணெய் குறைவு என்பது காரணமில்லை. சாரலில் நனைந்த பையை சிமெண்ட் தரையில் நிறுத்தி வைத்தால், அடியில் சேர்ந்த ஈரத்தை பேட்டின் கால் முனைதான் குடிக்கும். அந்த முனையில் மரத்தின் நார்கள் வெட்டுப்பட்டுத் திறந்திருப்பதால் உறிஞ்சுவது அங்கேதான் அதிகம். ஆனி முதல் ஆவணி வரை பேட்டைப் பையிலிருந்து எடுத்து, கைப்பிடி கீழே வரும்படியோ படுக்கையாகவோ, ஈரமில்லாத அறையில் வையுங்கள். உப்பிய முனை தானாகக் காயட்டும். வெயிலிலோ அடுப்படியிலோ காட்டினால் வெடித்துவிடும். காய்ந்தபின் முனைக்கு ரப்பர் காப்பு (டோ கார்டு) ஒட்டுங்கள்.

எண்ணெய் ஒரு முறைக்கு ஒரு டீஸ்பூன் போதும். முகப்பிலும் ஓரத்திலும் பின்புறத்திலும் மெல்லியதாகத் தடவி, கைப்பிடி சேரும் இடத்தையும் ஸ்டிக்கரையும் விட்டுவிட்டு, ஒரு நாள் படுக்கையாக வையுங்கள். முகப்பில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருந்தால் அங்கே எண்ணெய் இறங்காது. கை வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகே பையில் போக வேண்டும்.

தடவிய துணியை மட்டும் சுருட்டிப் பையின் பாக்கெட்டில் வைக்கவே வைக்காதீர்கள். லின்சீட் ஆயில் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், நெருப்பே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். துணியை வெளியே விரித்துப் போட்டு விறைக்கும்வரை காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி, பிறகு அப்புறப்படுத்துங்கள். இப்போது உங்கள் பையில் அப்படி ஒரு துணி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.