பயனாளிகள் பட்டியலில் அம்மாவின் ஆதார் எண்: இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் வசிக்கும் என் தாயார் முதியோர் உதவித்தொகை பெறுகிறார். அரசு அலுவலகம் ஒன்று இணையத்தில் ஏற்றிய பயனாளிகள் பட்டியலில் அவருடைய ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் மூன்றும் முழுமையாக உள்ளன. அதன் பிறகு கணக்கு எண்ணைச் சரியாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்கும் அழைப்புகள் வருகின்றன. பணம் எதுவும் பறிபோகவில்லை. வழக்குத் தொடுத்து இழப்பீடு பெற முடியுமா?

பதில்: பட்டியல் வெளியிட்டதே தவறு என்று வாதிட வேண்டாம். மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தைத் தாமாகவே வெளியிடுமாறு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு பணிப்பதால், அலுவலகம் அதையே அரணாகக் காட்டும். பெயரும் ஊரும் போதுமான இடத்தில் 12 இலக்க ஆதார் எண் எதற்கு என்பதே உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். விதிமுறைகள் அனுமதிக்கும் நோக்கங்களுக்கு அன்றி அந்த எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்கிறது 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 29(4) பிரிவு.

பட்டியலை நீக்கச் சொல்லி உடனே தொலைபேசியில் சண்டை பிடிப்பவர்களே அதிகம். அலுவலகமும் சத்தமில்லாமல் நீக்கிவிடும்; பிறகு அப்படியொரு பட்டியல் இருந்ததற்கே சான்று இராது. ஆகவே, முதலில் கோப்பைப் பதிவிறக்கி, இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து, மின்னணு ஆவணங்களுக்குப் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவு கோரும் சான்றிதழுடன் பாதுகாத்த பின்னரே, நீக்கக் கோரும் மனுவை ஒப்புகை பெறும் வகையில் அனுப்புங்கள். யாருடைய உத்தரவின்பேரில், எந்தத் தேதியில் ஏற்றப்பட்டது என்று தகவல் உரிமை மனுவும் போடுங்கள்.

ஆதார் சட்டக் குற்றங்கள் குறித்து ஆதார் ஆணையம் மட்டுமே புகார் செய்யலாம் என்றிருந்த நிலை, 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையடுத்து 2019-இல் திருத்தப்பட்டதால், பாதிக்கப்பட்டவரே நீதிமன்றத்தை நாடலாம். ஆனால், அடையாள விவரங்களை வெளியிடுவதைத் தண்டிக்கும் அச்சட்டத்தின் 37-ஆவது பிரிவுக்கு, வேண்டுமென்றே வெளியிட்டது நிரூபணமாக வேண்டும். எக்செல் தாளில் ஒரு நெடுவரிசையை மறைக்க மறந்த எழுத்தரை அதற்குள் கொண்டுவருவது கடினம்.

ரூ.250 கோடி அபராதம் என்று நாளிதழில் படித்திருப்பீர்கள். அது 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள உச்சவரம்பு. அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குத்தான் போகுமே தவிர, உங்கள் தாயாருக்கு ஒரு ரூபாயும் வராது. தவிர, 2025 நவம்பரில் விதிகள் வெளியானபோது, முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசமும் தரப்பட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு கூறும் இழப்பீடோ நிறுவனங்களுக்கு எதிரானது. அரசு அலுவலகம் அதில் சிக்காது.

எஞ்சியிருப்பது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226-ஆவது உறுப்பின்கீழ் நீதிப்பேராணை (ரிட்) மனு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 24.8.2017 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அளித்த புட்டசாமி தீர்ப்பே அதன் அடித்தளம். பட்டியலை நீக்கவும் விசாரணை நடத்தவும் உத்தரவு பெறுவதற்கு நல்ல வாய்ப்புண்டு. இழப்பீடு, பண இழப்பு இல்லாத நிலையில், கிடைப்பது அரிது என்பதே என் கருத்து.

வழக்கு நடக்கும்போது நடக்கட்டும். இன்றே எம்ஆதார் செயலியில் தாயாரின் கைரேகையைப் பூட்டிவிடுங்கள். ரேஷன் கடையில் விரல் வைக்கும் ஒவ்வொரு முறையும் தற்காலிகமாகத் திறக்க வேண்டிய தொல்லை இருக்கும். வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். மீறிப் பணம் போனால், இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழைப்பதோடு, மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.